துடுப்பும் கையும்

இளங்கலை இரண்டாமாண்டு வகுப்பில் நெய்தல் திணைப் பாடல்களை நடத்தும்போதெல்லாம் நாம் ஒரு பட்டியலைக் கரும்பலகையில் எழுதிப் போடுவது வழக்கம். அம்பி, ஓடம், தோணி, பஃறி, புணை, மிதவை, நாவாய், வங்கம், கலம். தமிழன் நீரில் செல்வதற்கு எத்தனை ஊர்திகள் வைத்திருந்தான் பாருங்கள் என்று பெருமிதத்தோடு சொல்வோம். பட்டினப்பாலை படகுகளைக் கட்டிவைத்த குதிரைகளோடு ஒப்பிடும் நயத்தையும் எடுத்துக்காட்டுவோம். மாணவர்கள் குறித்துக்கொள்வார்கள். மணி அடிக்கும்.

சென்ற கல்வியாண்டில் இப்படி ஒரு வகுப்பு முடியும் தறுவாயில், கடைசி வரிசையில் அமர்ந்திருந்த, அதிகம் பேசாத மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, துடுப்பை எந்த மரத்துல செய்வாங்க?" என்று கேட்டான். நமக்கு விடை தெரியவில்லை. முதுகலையில் தமிழ் இலக்கியம் பயின்று, இருபதாண்டுக் காலம் அதையே பயிற்றுவித்து வந்தவர்க்குப் படகின் பெயர்கள் ஒன்பது தெரிந்திருக்கின்றன. அதைச் செலுத்தும் பலகை எம்மரத்தாலானது என்பது தெரியவில்லை. "அடுத்த வகுப்பில் பார்ப்போம்" என்று, ஆசிரியர்கள் எக்காலத்தும் சொல்லும் விடையைச் சொல்லித் தப்பித்தோம்.

அக்கேள்விக்கு விடை தேடி நாம் எங்கும் செல்லவில்லை. அதுவாகவே வேறோரிடத்தில் எதிர்ப்பட்டது.

கோடை விடுமுறையில் தமக்கை மகனின் அழைப்பின்பேரில் கனடாவின் ரொறன்ரோ நகருக்குச் சென்றிருந்தோம். மருமகன் மென்பொருள் பொறியாளர். வீட்டோடு ஒட்டிய கார்க் கொட்டகையில் கார் இல்லை. அது வெளியே வெயிலில் நின்றது. உள்ளே ஒரு மரவேலை மேசை, சுவரில் வரிசையாக இழைப்புளிகள், அரங்கள், ரம்பங்கள், தரையெங்கும் சுருள் சுருளாக மரச்சீவல். வார நாள்களில் கணினிமுன் அமரும் அவர், சனி ஞாயிறுகளில் அங்கே நின்று துடுப்புச் செதுக்குகிறார். அந்நாட்டில் இது விந்தையன்று. ஏரிகள் மலிந்த ஒன்டாரியோ மாநிலத்தில் வீட்டுப் பட்டறையில் தமக்கான துடுப்பைத் தாமே செய்துகொள்ளும் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் இருக்கின்றனர். "ஒண்ணு நீங்களும் செஞ்சு பாருங்க மாமா" என்றார். மறுக்க வழியில்லை.

முதலில் ஒரு தெளிவு. நாம் பொதுவாகத் துடுப்பு என்று சொல்வதில் இருவகை உண்டு. படகின் விளிம்பில் ஒரு பிடியில் பொருத்தி, செல்லும் திசைக்கு முதுகு காட்டி அமர்ந்து இழுப்பது ஒன்று. தண்டு வலித்தல் என்று தமிழ் சொல்வது இதற்கு நன்கு பொருந்தும். எதிலும் பொருத்தாமல் இரு கைகளாலும் பற்றி, செல்லும் திசையை நோக்கியபடியே நீரைத் தள்ளுவது மற்றொன்று. கனடியத் தோணியின் துடுப்பு இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஒகேனக்கல்லில் பரிசில் ஓட்டுபவரின் கையில் இருப்பதும் இவ்வகையே. தமிழில் துடுப்பு என்னும் சொல்லுக்கு அகப்பை என்றும் பொருளுண்டு. தருமபுரி, சேலம் பக்கத்து வீடுகளில் களி கிண்டும் கட்டைக்கு இன்றும் துடுப்பு என்றே பெயர். நீரைத் துழாவுவதும் களியைத் துழாவுவதும் ஒரே கைவினை என்று கண்ட மொழி நம்முடையது.

இனி வேலைக்கு வருவோம். ஐந்தடி நீளம், ஆறங்குல அகலம், ஒன்றேகால் அங்குலக் கனம் கொண்ட ஒரு பலகை. செர்ரி, ஆஷ், மேப்பிள் ஆகிய வன்மரங்களும், ஸ்புரூஸ், பாஸ்வுட் ஆகிய மென்மையான மரங்களும் அங்கே பயன்படுகின்றன. ஆஷ் வளைந்து கொடுக்கும். ஸ்புரூஸ் எடை குறைவு, ஆனால் பாறையில் மோதினால் நசுங்கும். செர்ரி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது, இழைப்பதற்கு இனியது. எம்மரமானாலும் கணு இருத்தல் ஆகாது. ரேகை பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விலகாமல் ஓடவேண்டும். பாதியில் வெளியேறும் ரேகை, பின்னொரு நாள் ஏரியின் நடுவில் துடுப்பு முறியப்போகும் இடம்.

பலகையின் நடுவே நெடுக ஒரு கோடு. முழு வடிவத்துக்கு அச்சு வெட்டுவதில்லை; பாதி வடிவத்துக்கே வெட்டி, ஒருபுறம் வரைந்து, திருப்பிப்போட்டு மறுபுறம் வரைகிறார்கள். இருபக்கமும் ஒத்திருக்க இதைவிட எளிய வழி இல்லை. நாம் செய்தது நீர்நாய்க்கு உறவான பீவர் என்னும் விலங்கின் வாலைப்போன்றது என்று சொல்ல வாயெடுத்தோம், மருமகன் திருத்தினார். பீவர் நீர்நாய் அன்று, மரம் கடிக்கும் கொறிவிலங்கு. நீர்நாயின் வாலைப்போல ஒடுங்கி நீண்டது வேறு வடிவம். இரண்டுக்கும் பெயர் அந்தந்த விலங்கின் வாலே. கண்ணெதிரே உள்ளதை உவமையாக்கிக் கருவிக்குப் பெயரிடுவது எல்லா மக்களுக்கும் பொது.

புறவடிவை மின்ரம்பத்தால் அறுத்தோம். கையால் செய்வது என்றால் மின்சாரம் தொடக்கூடாது என்னும் ஆசாரம் மருமகனிடம் இல்லை. அதன்பின் உள்ளவையெல்லாம் கைவேலை. அலகின் விளிம்பில் நடுக்கோடும் அதன் இருமருங்கும் கனக்கோடுகளும் வரைந்து, இருகைப் பிடியுள்ள சிறு சீவுளியால் விளிம்பை நோக்கிச் சரிவாக இறக்கவேண்டும். விளிம்பு கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகும்வரை இறக்கலாம். நடுத்தண்டின் சாயல் அலகில் மெல்லிய முதுகெலும்பாக எஞ்சும். காம்புப்பகுதியோ முதலில் சதுரம். சதுரத்தின் ஒவ்வொரு முகத்தையும் 24 பாகமாகக் கொண்டு 7, 10, 7 என்று கோடிட்டு மூலைகளைச் சீவினால் எண்கோணம் கிடைக்கும். எண்கோணத்தின் மூலைகளைச் சீவினால் பதினாறு முகம். அதற்குமேல் கண் வேலை செய்வதில்லை. உள்ளங்கை சொல்வதே முடிவு. கடைசியில் கைப்பிடி. அலகுக்கு வார்னிஷ், கைப்பிடிக்கு எண்ணெய் மட்டும். வார்னிஷ் பூசிய பிடி உள்ளங்கையில் கொப்புளம் எழுப்பும்.

எடையைப் பற்றி மருமகன் ஒரு கணக்குச் சொன்னார். நிமிடத்துக்கு 30 தடவை துடுப்பை எடுத்துப் போடுவதாக வைத்துக்கொண்டால் மணிக்கு 1800 தடவை. துடுப்பில் 50 கிராம் கூடுதலாக விட்டுவைத்தால், தோள் ஒரு மணி நேரத்தில் 90 கிலோவை வீணாகத் தூக்குகிறது. ஆகவே சீவிக்கொண்டே இருக்கவேண்டும். ஆனால் ஒரு சீவல் மிகுந்தால் அலகு பிளக்கும். எங்கே நிறுத்துவது என்பதை எந்த நூலாலும் சொல்லமுடியாது. மருமகனே பில் மேசனின் படங்களைப் பார்த்துத்தான் துடுப்புப் போடக் கற்றவர். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் 1977இல் வெளியிட்ட அப்படங்கள் அங்கே பலருக்கும் ஆசான். ஆனால் சீவலை நிறுத்தும் இடத்தை அவர் கற்றது, மூன்று துடுப்புகளைப் பாழாக்கிய பிறகே.

நம் முயற்சி எப்படி முடிந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அலகின் ஓரிடத்தில் நாம் சீவுளியை ஒடுங்கிய பக்கத்திலிருந்து அகன்ற பக்கம் நோக்கி ஓட்டிவிட்டோம். மரம் கொத்தாகப் பிடுங்கிக்கொண்டு வந்தது. அகலத்திலிருந்து ஒடுக்கத்துக்கு, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு என்னும் விதியை மூன்றுமுறை கேட்டிருந்தும் கை கேட்கவில்லை. அப்பள்ளத்தைச் சமன் செய்ய அலகு முழுவதையும் மெலிக்க நேர்ந்தது. துடுப்பு பிழைத்தது; அழகு பிழைக்கவில்லை.

இனி நம் கருத்துக்கு வருகிறோம்.

கைவினையைப் புகழ்ந்து எழுதுவது இலக்கியவாதிகளுக்கு எளிது. ஆலைப்பொருளில் உயிரில்லை, கைப்பொருளில் உயிருண்டு என்று இரண்டு பத்தி எழுதிவிட்டால் போதும். அப்புகழ்ச்சியில் நமக்கு உடன்பாடில்லை. அலுமினியத்திலும் நெகிழியிலும் வார்த்த துடுப்பு கடையில் மலிவாகக் கிடைக்கிறது. அதுவும் தோணியைக் கரைசேர்க்கத்தான் செய்கிறது. கையால் செய்வதன் பயன் பொருளில் இல்லை. பொருளோடு மல்லுக்கு நின்றவனிடம் ஏற்படும் பணிவில் இருக்கிறது. பாடலுக்கு நாம் எவ்வுரையும் கூறலாம். பாடல் திரும்பப் பேசாது. மரம் உடனே பேசிவிடும்.

ஆனால் யாருடைய கை என்ற கேள்வியும் இருக்கிறது. அதைத் தவிர்த்துவிட்டு இப்பொருளைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. இத்தோணியும் துடுப்பும் ஐரோப்பியர் கண்டவை அல்ல. 1603இல் பிரெஞ்சு நாட்டுச் சாம்ப்ளேன் இன்றைய மொன்றியலை அடுத்த நீர்ச்சுழிப்புகளின்முன் தம் படகுகளோடு திகைத்து நின்றபோது, அம்மண்ணின் மக்களுடைய மரப்பட்டைத் தோணிகளே அந்நாட்டினுள் செல்லும் வழி என்று உணர்ந்துகொண்டார். அத்தோணிகளின் மேல்தான் இரண்டு நூற்றாண்டுக் காலம் மென்மயிர்த் தோல் வணிகம் நடந்தது. கனூ என்னும் சொல்லே கரீபியத் தீவுகளின் தைனோ மக்களிடமிருந்து ஸ்பானியர் வழியே போனது. நம்முடைய கட்டுமரம் ஆங்கிலத்தில் கட்டமரான் ஆனதுபோல. சொற்கள் உலகாண்டன, சொன்னவர்கள் ஆளப்பட்டார்கள். ஒஜிப்வே மொழியில் தோணி ஜீமான், துடுப்பு அப்வி. அப்வியையும் அம்பியையும் அருகருகே வைத்து ஆய்வுக்கட்டுரை எழுதப் புறப்படும் நண்பர்களை அன்போடு தடுக்கிறோம். ஒலி ஒப்புமை உறவாகாது.

இதே மக்களின் பிள்ளைகளைத்தான் கனடிய அரசு உறைவிடப் பள்ளிகளில் அடைத்துத் தாய்மொழி பேசியதற்காகத் தண்டித்தது. ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் குழந்தைகள் அப்பள்ளிகளின் வழியே சென்றனர். 2008இல் நாடாளுமன்றத்தில் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் இறுதி அறிக்கை 2015இல் வந்தது. துடுப்பு செய்யக் கற்றுத்தரவேண்டிய தாத்தாவிடமிருந்து பேரனைப் பிரித்துவிட்டு, அத்துடுப்பைத் தேசத்தின் சின்னமாகச் சுவரில் மாட்டிக்கொண்ட வரலாறு அது. 1935இல் வெளிவந்த கனடாவின் முதல் வெள்ளி டாலர் நாணயத்திலேயே தோணி இருக்கிறது. இன்று மருமகனைப் போன்றோர் வார இறுதிகளில் காக்கும் வினையை, அதற்குரியோர் பலர் மீண்டும் பாடுபட்டுத் தேடிக்கொண்டிருக்கின்றனர்.

அடுத்தவர் நாட்டைக் குறைசொல்லி முடித்துவிட நமக்கு உரிமையில்லை. அங்கே பொறியாளர் இழைப்புளி பிடித்தால் அது நற்பழக்கம். விருந்தினரை அழைத்துக் காட்டுகிறார். இங்கே இழைப்புளி பிடித்த கை எந்தச் சாதியின் கை என்பது முதலில் கேட்கப்படுகிறது. பட்டம் பெற்றவன் அதைத் தொட்டால் படித்தும் பயனில்லை என்கிறோம். தச்சரின் மகன் அதைத் தொடாமல் விலகிப் போவதையே முன்னேற்றம் என்கிறோம். அவன் விலகுவதில் தவறில்லை. குலத்தொழிலில் எவரையும் கட்டிப்போடும் எந்தத் திட்டத்தையும் நாம் ஏற்கமாட்டோம். நம் வருத்தம் வேறு. அவன் போகும்போது ஒரு தொழிலின் சொற்கள் அத்தனையும் அவனோடு வெளியேறுகின்றன. அவற்றை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டிய தமிழ்த்துறை, தொழில் செய்பவனைத் தொடாத அதே கூச்சத்தால் அவன் சொல்லையும் தொடாமல் இருந்துவிடுகிறது. கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தார். அவர் பட்டம் பெற்றவரல்லர். பட்டம் பெற்ற நாம் எத்தனை தச்சுப்பட்டறைகளில், எத்தனை படகுத்துறைகளில் குறிப்பேட்டோடு அமர்ந்திருக்கிறோம்?

விடுமுறை முடிந்து முதல் வகுப்பில் இவற்றையெல்லாம் மாணவர்களிடம் சொன்னோம். கொப்புளத்தையும் பிடுங்கிய மரத்தையும்கூடச் சொன்னோம். வகுப்பு முடிந்தபின் அந்தக் கடைசி வரிசை மாணவன் வராந்தாவில் காத்திருந்தான்.

"வாட்டம் பாக்காம இழைச்சிருப்பீங்க ஐயா. எதிர்வாட்டத்துல போனா பிடுங்கத்தான் செய்யும்" என்றான்.

எப்படித் தெரியும் என்று கேட்டோம். சற்றுத் தயங்கிவிட்டு, "எங்கப்பா தச்சு வேலைங்க ஐயா. லீவுல நானும் போவேன்" என்றான். சேர்க்கை விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்னும் இடத்தில் அவன் கூலி என்று எழுதியிருந்தது பின்னர்த்தான் நம் பார்வைக்கு வந்தது.

நமக்குத் தெரிந்த வாட்டம் இரண்டே: வாடுதல், நீர் வடியும் சரிவு. ரேகையின் ஓட்டம் என்று இக்கட்டுரையில் நாம் சுற்றிவளைத்துச் சொன்னதற்கு ஒற்றைச் சொல் அவன் வீட்டில் இருந்திருக்கிறது. மூன்றாண்டுகள் அவன் நம்மிடம் பயில வந்திருக்கிறான். நாம் ஒருநாளும் அவனிடம் எதையும் கேட்டதில்லை. வரும் ஞாயிறன்று அவன் தந்தையின் பட்டறைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறோம். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் அவன் அன்று கேட்ட கேள்வியையே எழுதிவைத்திருக்கிறோம்.