வீடியோ ஓடினால் பாடம் நடந்துவிடுமா?

கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்பைப் பற்றிப் பேச்செடுத்தாலே "அதான் முடிஞ்சு போச்சே" என்கிறார்கள். எங்கே முடிந்தது? ஒரு செமஸ்டரில் 40 சதவீதப் பாடங்கள் வரை ஸ்வயம் தளத்தில் படித்து கிரெடிட் வாங்கலாம் என்று யுஜிசி 2021-லேயே விதி போட்டுவிட்டது. ஆள் போடுவதைவிட வீடியோ போடுவது மலிவு என்கிற நினைப்பும் இன்னும் போகவில்லை.

2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடியபோது விழுப்புரம், திண்டிவனம் அரசு கலைக் கல்லூரிகளிலும் பாடம் செல்போனுக்குள் போனது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி டேட்டா இலவசம் என்று தமிழக அரசு அறிவித்தது. நல்ல காரியம்தான். ஆனால் டேட்டா இருந்தால் வீடியோ வரும். சந்தேகம் போகுமா?

பி.காம். படிப்பவர்களுக்குப் புரிகிற மாதிரியே பார்ப்போம். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை, 900 ரூபாய் உதைக்கிறது. வகுப்பில் என்றால் சார் நோட்டை எட்டிப் பார்ப்பார். "வித்தியாசம் 9-ல வகுபடுது, எங்கேயோ எண் இடம் மாறியிருக்கும், தேடு" என்பார். 4,500-ஐ 5,400 என்று லெட்ஜரில் ஏற்றியது இரண்டு நிமிடத்தில் சிக்கிவிடும். ஜூமில்? எல்லோரும் மியூட்டில். நோட்டு யார் கண்ணிலும் படாது. வீடியோவில் வரும் கணக்கு எப்போதும் டேலி ஆகும். மாணவன் போடும் கணக்குதான் ஆகாது!

"திரும்பத் திரும்பப் பார்க்கலாமே" என்பார்கள். பார்க்கலாம். சரியான வழியைப் பத்து தடவை பார்த்தாலும், தன் நோட்டில் தப்பு எங்கே என்பது தெரியாதே.

பள்ளிக் கதையும் இதுதான். கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது, ஊரடங்கிலும் பாடம் ஒளிபரப்பானது. அப்புறமும் கற்றல் இடைவெளியை அடைக்க என்ன செய்ய வேண்டியிருந்தது? 2021 அக்டோபர் 27 அன்று இதே விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில், 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. 1 முதல் 8-ம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குச் சாயங்காலம் தெருவிலேயே ஒரு தன்னார்வலர், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில். கடைசியில் தேவைப்பட்டது ஒரு ஆள்!

வீடியோவே வேண்டாம் என்பதல்ல வாதம். ஸ்வயம் பாடத்திலேயே வீடியோ, படிக்கும் பாடம், சுயமதிப்பீட்டுத் தேர்வு, சந்தேகம் கேட்கும் இடம் என்று நாலு பகுதி உண்டு. முதல் பகுதியை மட்டும் காட்டிவிட்டு "பாடம் முடிந்தது" என்று எழுதிக்கொள்வதுதான் மோசடி. பாடத்தைச் சின்னச் சின்ன வீடியோவாக முன்னாடியே அனுப்பட்டும். நேரலை நேரம் முழுக்கச் சந்தேகத்துக்கு இருக்கட்டும். மாணவன் நோட்டைப் படமெடுத்து அனுப்பினால், பார்த்துப் பதில் சொல்ல ஒரு ஆசிரியருக்கு நேரம் ஒதுக்கி, அதை வேலை நேரமாகவும் கணக்கில் எடுக்கட்டும்.

அதற்கு ஆள் இல்லை என்றால், நடத்தாத பாடத்தை நடத்தியதாகச் சொல்லாமலாவது இருக்கட்டும்.