கடைப் பணத்தை யார் கையில் கொடுத்து பேங்குக்கு அனுப்புறீங்க?

இன்னைக்கு டேக்ஸ் ஸ்லாப் பத்தி இல்ல. திங்கட்கிழமை காலை பத்தரை மணி பத்திப் பேசலாம்.

இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை பேங்க் லீவு. ஞாயிறும் லீவு. வெள்ளி சாயங்காலத்திலிருந்து ஞாயிறு ராத்திரி வரை கல்லாவில் விழுந்த பணம் மொத்தமும் திங்கள் காலையில ஒரே பையில போகும். இது உங்களுக்குத் தெரியும். எதிர்ல டீ குடிச்சிக்கிட்டே உங்க கடையைப் பார்த்துட்டு இருக்கிறவனுக்கும் தெரியும்.

என் கிளையன்ட் ஒருத்தர், மளிகை மொத்த வியாபாரி. இரண்டு வருஷத்துக்கு முன்னாடி அவர் கடைப் பையன் இப்படித்தான் பணத்தை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில வெச்சு எடுத்துட்டுப் போனான். பேங்க் வாசல்ல சீட்டைத் திறந்த நேரம், "தம்பி, உன் காசு கீழ விழுந்து கிடக்கு பாரு"ன்னு ஒரு குரல். ரோட்டில நாலைஞ்சு பத்து ரூபாய் நோட்டு. குனிஞ்சு பொறுக்கிட்டு நிமிர்ந்தா பை இல்ல. 3,80,000 ரூபாய்.

முதலாளி போலீசுக்குப் போகல. முதல்ல எனக்கு போன் பண்ணினார். "மேடம், எவ்வளவு போச்சுன்னு எழுதிக் கொடுக்கிறது?"

இந்தக் கேள்வியோட அர்த்தம் உங்கள்ல பலருக்குப் புரிஞ்சிருக்கும். கேஷ் புக்ல கையிருப்பு 1,40,000 தான். மீதி பில் போடாத விற்பனை. முழுத் தொகையை எழுதினா 2,40,000 எங்கிருந்து வந்ததுன்னு கேள்வி வரும். குறைச்சு எழுதினா, திருடன் மாட்டினாலும் மீதியை இது என் பணம்னு கேட்க முடியாது. உண்மையை எழுதுங்க, விட்டுப்போன விற்பனையைக் கணக்கில கொண்டு வாங்கன்னு சொன்னேன். ஒரு நாள் யோசிச்சார். அப்புறம் செஞ்சார். பறிபோன பணத்துக்கு வரியும் வட்டியும் கட்டின மனுஷன் அவர்.

ஆனா அந்த ஒரு நாள் தாமதம் யார் தலையில விடிஞ்சது தெரியுமா? பையன் தலையில. ஏன் உடனே புகார் கொடுக்கலன்னு ஸ்டேஷன்ல கேட்டப்போ, முதலாளிகிட்ட நேரான பதில் இல்ல. பையனைத்தான் இரண்டு நாள் கூப்பிட்டு விசாரிச்சாங்க. அவன் மேல தப்பே இல்ல. அடுத்த மாசம் வேலையை விட்டு நின்னுட்டான்.

என் கோபம் இங்கேதான். "நம்பிக்கையான பையன் மேடம்"னு சொல்றோம். மாசம் 14,000 சம்பளம் வாங்குற பையன்கிட்ட அவனோட இரண்டு வருஷச் சம்பளத்தைவிட அதிகமான தொகையைத் தூக்கிக் கொடுத்து, தனியா, தினமும் ஒரே நேரத்துக்கு, ஒரே ரோட்டுல அனுப்புறதுக்குப் பேர் நம்பிக்கை இல்ல. செலவு மிச்சம் பண்றது.

பல பேங்க்ல கரன்ட் அக்கவுன்ட்டுக்குக் கடைக்கே வந்து பணம் வாங்கிட்டுப் போற வசதி இருக்கு. சார்ஜ் ஜாஸ்தின்னு சொல்வீங்க. ஒரு தடவை பை போனா எத்தனை வருஷச் சார்ஜ் போகும்னு கணக்குப் போட்டுட்டு அப்புறம் சொல்லுங்க. அது ஒத்து வரலையா, பணத்தைச் சேர விடாதீங்க. லீவு நாள்லயும் வேலை செய்யுற டெபாசிட் மெஷின்ல பகல் நேரத்துல கொஞ்சம் கொஞ்சமா போட்டுடுங்க. நேர்ல கொண்டுபோனா இரண்டு பேர் போங்க, நேரத்தை மாத்துங்க, வழியில டீக்கடை, பெட்ரோல் பங்க்னு நிக்காதீங்க. சட்டையில ஏதாவது ஊத்தினாலும், வண்டி பஞ்சர்னு யாராவது கத்தினாலும், பையை மடியைவிட்டு எடுக்காம பேங்குக்குள்ள போயிடணும். கத்தியைக் காட்டினா கொடுத்துடணும். இதை உங்க பையனுக்கு உங்க வாயால சொல்லுங்க. நீங்க சொல்லலைன்னா, பணத்தைக் காப்பாத்துறேன்னு அவன் உயிரை விடுவான்.

இன்னொண்ணு, மணி இன்சூரன்ஸ். கடையிலிருந்து பேங்க் போற வழியில பணம் பறிபோனா ஈடு தர்ற பாலிசி. கடைக்கு எடுக்கிற பேக்கேஜ் பாலிசியிலேயே சேர்த்துக்கலாம். ஆனா ஒரு தடவைக்கு எவ்வளவு வரை, ஆளில்லாத வண்டியில வெச்சுட்டுப் போனா உண்டா, ஊழியரே எடுத்துட்டா உண்டான்னு படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க. கிளெய்ம் வரும்போது அவங்க கேட்கிறதும் கேஷ் புக்தான்.

வரி பக்கமும் அதே கதை. தொழில் நடத்துற வழியில திருடு போன பணத்தைத் தொழில் நஷ்டமாகக் காட்டலாம். நைனிடால் பேங்க்ல கொள்ளைபோன பணத்தை அப்படிக் கழிக்கலாம்னு உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொல்லியிருக்கு. எஃப்ஐஆர் வேணும், கணக்கு வேணும். கணக்குலயே இல்லாத பணம் நஷ்டத்துக்கும் வராது.

தேர்தல் நேரத்துல 50,000 ரூபாய்க்கு மேல கொண்டுபோனா கேஷ் புக் நகல், பில், பான் கார்டு கையில இருக்கட்டும். பறக்கும் படைகிட்ட வாய்ப்பேச்சு எடுபடாது.

என் கிளையன்ட் இப்போ பேங்க் ஆளையே கடைக்கு வரவெச்சுட்டார். அந்தப் பையன் அதே தெருவில ஒரு பாத்திரக் கடையில இருக்கான். போன மாசம் அந்த முதலாளி பேங்க் பையை நீட்டினப்போ, "ஸ்டாக் எடுக்கிற வேலை இருக்குண்ணே"ன்னு சொல்லிட்டு குடோனுக்குள்ள போயிட்டானாம்.