அண்ணாவியாருக்கு ஆசனம் எங்கே?

மட்டக்களப்பின் கலைச் செல்வம் யாது என்று வினவுவார்க்கு, நாட்டுக்கூத்து என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். ஆடல், பாடல், நடிப்பு, ஓவியம், ஒப்பனை என்று இன்று தனித்தனியே பிரித்துக் கற்பிக்கப்படும் கலைகள் யாவும் அங்கே வட்டக் களரி ஒன்றினுள் ஒன்றுகூடி நிற்கின்றன. வடமோடியின் போரும் தென்மோடியின் காதலும் காலடி வேறு, தாளம் வேறு, உடை வேறு. வடமோடி அரசனின் முடியும் கரப்புடுப்பும் கிராமத்துக் கைவினைஞனின் சிற்ப ஓவியத் திறனுக்குச் சான்று பகர்வனவன்றோ?

இக்கலையை வளர்த்தவர் யார்? பகலெல்லாம் வயலில் உழைத்த உழவர் பெருமக்களே. அறுவடை முடிந்த ஓய்வு நாட்களில் ஊர்கூடிச் சட்டம் கொடுப்பர். மாதக் கணக்கில் இரவுதோறும் பழகுவர். சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து, பின்னரே அரங்கேற்றுவர். செலவுக்கு நெல்லும் பணமும் தண்டுபவரும் ஊரவரே. எழுத்தறியாத இளைஞனும் பாரதத்தையும் இராமாயணத்தையும் நெஞ்சில் ஏற்றிக்கொண்டது இக்களரியிலேதான். இவை அனைத்துக்கும் ஆசானாக நின்றவர் அண்ணாவியார்.

கற்றோர் உலகம் கூத்தைத் திரும்பிப் பார்க்கச் செய்த பெருமை பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்களைச் சாரும். 1956ஆம் ஆண்டிற் சரத்சந்திரரின் ‘மனமே’ மரபு நாடகத்தின் வலிமையைச் சிங்கள மக்களுக்கு உணர்த்திற்று. தமிழிலும் அத்தகைய முயற்சி வேண்டுமெனத் துணிந்த பேராசிரியர், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962இற் ‘கர்ணன் போர்’, பின்னர் ‘இராவணேசன்’ ஆகியவற்றை மேடையேற்றினார். விடிய விடிய ஆடப்பெற்ற கூத்து, நகரத்து மேடைக்கு ஏற்பச் சுருங்கிச் செறிவுற்றது. ‘கர்ணன் போர்’ ஆட மாணவரைப் பழக்கியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். பேராசிரியரின் புலமையும் அண்ணாவியாரின் அனுபவமும் ஒருங்கு சேர்ந்ததாலேயே அம்முயற்சி வென்றது. இது நாம் மறக்கலாகாத பாடம்.

அதே வந்தாறுமூலையில் இன்று கிழக்குப் பல்கலைக்கழகம் நிமிர்ந்து நிற்கின்றது. ‘மதங்க சூளாமணி’ தந்த சுவாமி விபுலானந்தரின் பெயரால் 1982இல் இசை நடனக் கல்லூரியாகத் தோன்றிய நிறுவனம், இன்று அப்பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகமாக வளர்ந்துள்ளது. இசை, நடனம், நாடகம், கட்புலக் கலை ஆகியவற்றை அங்கே நம் பிள்ளைகள் பட்டப்படிப்பாகக் கற்கின்றனர். பெருமகிழ்ச்சி!

ஆனால், நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. பட்டம் பெற்றவர் ஆசிரியப் பதவியை நாடலாம். அந்தப் பட்டத்துக்குரிய கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துத் தந்தவர் எதனை நாடுவார்? பொன்னாடையும் ஒருநாட் பாராட்டும் அடுப்பில் உலை ஏற்றுமா? 2009இல் முடிந்த நெடும்போர் பல கிராமங்களைச் சிதறடித்தது. இரவுக் களரிகளை ஓயச் செய்தது. அவற்றுட் பல மீண்டும் எழுந்துள்ளன. எனினும் முதிய அண்ணாவியார் ஒருவர் மறையுந்தோறும், ஏட்டில் எழுதப்படாத ஆட்டமும் தாளக்கட்டும் அவரோடு மறைந்துபோகின்றன. இந்த இழப்பை எந்த நூலகம் ஈடுசெய்யும்?

ஆகவே, பட்டமில்லை என்று அண்ணாவியாரை வாயிலில் நிறுத்துதல் தகாது. தகுதியறிந்து அவர்க்கு ஆசனமும், உழைப்புக்கேற்ற வேதனமும், முதுமைக் காலத்துக்கு ஓய்வூதியமும் வழங்குதல் அரசின் கடமை. முடியும் உடையும் ஆக்கும் கைவினைஞரை ஓவிய மாணவர் தேடிச் சென்று கற்க வேண்டும். நடனம் பயில்வோர் களரியின் மண்ணில் நின்று ஆடிப் பழக வேண்டும். பிரித்துக் கற்ற கலைகள் அங்கேதான் மீண்டும் ஒன்றாகும்.

கூத்து ஊரின் பொதுச்சொத்து என்று கூறுவோர், களரியையும் பொதுவாக்க வேண்டும். சாதியின் பெயரால் ஒருவனை விலக்குவதும், பெண்ணென்று ஒருத்தியை ஒதுக்குவதும் மரபைக் காப்பதாகா. அதனை நலியச் செய்வதேயாகும்.

ஆசிரியர்களே, வைத்தியர்களே, சட்டத்தரணிகளே! உங்கள் ஊரிற் கூத்து அரங்கேறும்போது பிரதம விருந்தினராக மட்டும் வராதீர்கள். செலவிற் பங்குகொள்ளுங்கள், ஏட்டைப் படியெடுத்துக் காப்பாற்றுங்கள். உழவர் பெருமக்களே! நகரத்து மேடை கண்டு உங்கள் களரியைத் தாழ்வாக எண்ணாதீர்கள். அந்த மேடைக்குச் செல்வம் வழங்கியது உங்கள் களரியே. விளைந்த நெல்லை முழுவதும் உண்டு தீர்த்து, விதைநெல்லை மறந்த உழவனை நாம் கண்டதில்லை. கலைக்கும் விதைநெல் உண்டு. அது அண்ணாவியாரின் கையில் இருக்கின்றது.