கண்ணால் படித்த இங்கிலீஷ்



‘வாக்கெட்’, ‘ஆஸ்கெட்’, ‘லாஃபெட்’ என்று நம் பிள்ளைகள் வகுப்பில் வாசித்தால் முன் பெஞ்சிலிருந்துதான் முதல் சிரிப்பு கிளம்பும். நான் படித்த கல்லூரியில் அந்தச் சிரிப்புக்குப் பயந்தே செமினார் நாளில் லீவு போட்ட விடுதித் தோழர்கள் உண்டு. பாடத்தில் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை.

கான்வென்ட் பிள்ளை இங்கிலீஷைக் காதால் கேட்டு வளர்கிறான். நம்மவன் புத்தகத்தில் கண்ணால் பார்த்துப் படிக்கிறான். எழுத்தில் இருப்பதை அப்படியே வாசிக்கிறான், அவ்வளவுதான். ஒலி வேறு என்று அவனுக்கு யாரும் சொல்லிக்குடுக்கல.

விஷயம் ஒன்றும் பிரம்மரகசியம் இல்லை. இறந்தகால விகுதி எழுத்தில் ஒன்று, ஒலியில் மூன்று. ‘வான்ட்’, ‘நீட்’ என வினைச்சொல்லே ட் ஒலியில் முடிந்தால் மட்டும்தான் தனி அசையாக ‘இட்’ சேரும்: வான்டிட், நீடிட். மற்றபடி அசை கூடாது. தொண்டையில் விரலை வைத்துப் பாருங்கள். வினையின் கடைசி ஒலியில் அதிர்வு இல்லையென்றால் ‘பட்டு’வில் வரும் ட்: வாக்ட், ஸ்டாப்ட், வாஷ்ட், லாஃப்ட். அதிர்ந்தால் ‘வண்டி’யில் வரும் ட்: கால்ட், லவ்ட், ப்ளேய்ட். எழுத்தை நம்பாதீர்கள், கடைசி ஒலியைக் கேளுங்கள்.

நம் மொழியிலும் இறந்தகாலத்துக்கு த், ட், ற், இன் என்று நாலு இடைநிலை சொல்கிறது நன்னூல். வந்தான், கண்டான், சென்றான், ஓடினான். எங்க ஆத்தா நன்னூலைப் பார்த்ததே இல்லை. ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. காதில் விழுந்த மொழி அப்படி.

சிரிக்கிறவர்களுக்கு இன்னொரு சேதி. இடைக்கால ஆங்கிலத்தில் அந்த ‘எட்’ தனி அசையாகவே ஒலித்தது. அதைச் சுருக்குவதுதான் அநாகரிகம் என்று 1712-இல் கண்டித்து எழுதினார் ஜோனதன் ஸ்விஃப்ட். படித்த அறிஞரைக் குறிக்கும் ‘லேர்னிட்’ இன்றும் பழைய அசையோடுதான் இருக்கிறது! எது நாகரிகம் என்பதைக் காலத்துக்குக் காலம் யாரோ தீர்மானிக்கிறார்கள்.

அதற்காக, இந்த உச்சரிப்பெல்லாம் அடிமைப் புத்தி, நமக்கெதற்கு என்று சில தோழர்கள் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. நேர்முகத் தேர்வில் வாயைத் திறக்கும் முன்னே கூனிப் போகிறவனிடம் அந்தத் தத்துவம் செல்லாது. விடுதி வாசகர் வட்டங்களில் வாரம் ஒரு மணி நேரம் ஆங்கிலத்தைச் சத்தமாக வாசியுங்கள். சீனியர்கள் உட்கார்ந்து கேட்டுத் திருத்தட்டும். அந்த அறையில் சிரிப்பு மட்டும் கூடாது.