கைபேசி எண்ணும் கணக்கின் சாவியும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர் சென்றால் பொன்முடியை அடையலாம். கல்லாற்றுக்கு மேலே 22 கொண்டையூசி வளைவுகள். அவற்றின் முடிவில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில், புல்வெளியும் மூடுபனியும். விடுமுறை நாளில் அங்கே செல்வோர் கைபேசியில் அலைவரிசை கிடைக்காவிட்டால் சிறிது சலித்துக்கொள்வார்கள். மாலையில் மலையிறங்கியதும் அதை மறந்துவிடுவார்கள். மலையிலேயே வாழும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு அது அவ்வளவு எளிதில் மறக்கக்கூடிய செய்தி அன்று.

சில ஆண்டுகளுக்கு முன் அம்மலையின் அடிவாரத்துக் கிளை ஒன்றில் பணியாற்றினேன். எங்கள் வாடிக்கையாளர்களுள் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல இருந்தன. தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து சென்று அங்கே லயங்களில் குடியேறியவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். மலையிலிருந்து கிளைக்கு ஒருமுறை வந்து திரும்புவதென்றால் அன்றைய கூலியை இழக்க வேண்டும். ஆகவே, பணம் வரவானதா என்பதைக் கைபேசிக் குறுஞ்செய்தி மூலமே அறிந்துகொள்வார்கள்.

ஒருநாள், எங்கள் வங்கியின் உதவி மையம் வழியாக ஒரு முறையீடு வந்தது. முறையிட்டவர் எங்கள் வாடிக்கையாளர் அல்லர். வேறொரு மாவட்டத்து இளைஞர். புதிதாக வாங்கிய சிம் அட்டைக்கு மாதந்தோறும் யாருடைய கணக்கிலோ பணம் வரவானதாகக் குறுஞ்செய்தி வருகிறது என்றும், அதை நிறுத்த வேண்டும் என்றும் அவர் கேட்டிருந்தார். கணக்கைத் தேடிப் பார்த்தோம். அது, தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஒரு மூதாட்டியின் ஓய்வூதியக் கணக்கு.

அடுத்த முறை அவர் கிளைக்கு வந்தபோது, குறுஞ்செய்தி வருகிறதா என்று கேட்டேன். “மழக்காலத்துல எங்க பக்கம் டவரே கெடைக்காது சார். அதான் ஒண்ணும் வரலன்னு நெனச்சேன்” என்றார். உண்மையில் அவருடைய இணைப்பு உயிரிழந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. மகன் வாங்கிக் கொடுத்த முன்கட்டண இணைப்பு அது. அவர் யாரையும் அழைப்பதில்லை. மகனின் அழைப்புக்குக் காத்திருப்பார். அழைப்பதற்கே தேவையில்லாத ஒருவர் எதற்காக ரீசார்ஜ் செய்வார்? செல்லுபடிக் காலம் முடிந்தது. உள்வரும் அழைப்பும் நின்றது. பின்னர் எண்ணே வேறொருவருக்குப் போய்விட்டது.

மூதாட்டியின் பணம் ஒரு ரூபாயும் குறையவில்லை. அந்த இளைஞர் நேர்மையானவராக இருந்தார் என்பதே அதற்குக் காரணம். ஒரு வாடிக்கையாளரின் பாதுகாப்பு, முன்பின் அறியாத ஒருவரின் நற்குணத்தை நம்பி நின்றது என்பதை இன்றளவும் என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள இயலவில்லை.

முன்பணம் தந்தவரின் நிலை

இந்தியாவில் கைபேசி இணைப்புகளுள் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை முன்கட்டண இணைப்புகளே. 1995 ஜூலை 31 அன்று நாட்டின் முதல் கைபேசி அழைப்பு கொல்கத்தாவிலிருந்து டெல்லிக்குச் சென்றபோது, அது செல்வந்தர்களின் பொருள். உள்வரும் அழைப்புக்கும் கட்டணம் இருந்தது. 2003-இல் அழைப்பவரே கட்டணம் செலுத்தும் முறை நடைமுறைக்கு வந்து உள்வரும் அழைப்பு இலவசமான பிறகுதான் எளியவர்களின் கையிலும் கைபேசி பரவலாயிற்று. சிறிது இருப்பு வைத்துக்கொண்டு, வரும் அழைப்புகளை மட்டும் ஏற்பது என்ற பழக்கம் கோடிக்கணக்கானோருக்கு அப்போது ஏற்பட்டது. 2018-ஆம் ஆண்டின் இறுதியில் நிறுவனங்கள் குறைந்தபட்ச ரீசார்ஜ் திட்டங்களைக் கொண்டுவந்தன. அதன்பின், அழைப்பை ஏற்பதற்கும் குறித்த காலத்துக்கு ஒருமுறை பணம் கட்ட வேண்டியதாயிற்று. விதி மாறியது, மலையில் இருப்போரின் பழக்கம் மாறவில்லை.

வணிகவியல் படித்தவர்கள் நினைவுகூர்வார்கள்: பொருளையோ சேவையையோ வழங்குமுன் பெறும் பணம், பெற்றவரின் ஏட்டில் ‘முன்கூட்டிப் பெற்ற வருமானம்’. அது சொத்துப் பக்கத்தில் இடம்பெறாது. பொறுப்புப் பக்கத்தில்தான் இடம்பெறும். அதாவது, முன்கட்டணம் செலுத்தியவர் கடனீந்தோர். சேவையை இனிமேல்தான் வழங்கவேண்டிய நிறுவனமே கடனாளி. நடைமுறையிலோ, மாதக் கடைசியில் கட்டணம் செலுத்துபவருக்குப் பட்டியல் வருகிறது, நினைவூட்டல் வருகிறது, தவணை வருகிறது. முன்கூட்டியே பணம் தந்தவருக்கு, காலம் முடிந்த நாளில் கதவு அடைபடுகிறது. கணக்கியலும் நடைமுறையும் இங்கே தலைகீழாக நிற்கின்றன.

முன்கட்டண வாடிக்கையாளர்களுக்கு உரிமைகளே இல்லை என்று சொல்ல முடியாது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2012-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளில், முன்கட்டண வாடிக்கையாளர் கேட்டால் 50 ரூபாய்க்கு மிகாத கட்டணத்தில் பயன்பாட்டு விவரப் பட்டியலை வழங்க வேண்டும் என்று விதித்தது. நம் வங்கிப் புத்தகத்தைப் போன்ற ஓர் ஆவணம் அது. கேட்டுப் பெறுவோர்தாம் அரியர். 28 நாள் திட்டங்களால் ஆண்டுக்குப் பன்னிரண்டுக்குப் பதிலாகப் பதின்மூன்று முறை ரீசார்ஜ் செய்ய நேர்கிறது என்ற குறை எழுந்தது. 2022 ஜனவரியில், 30 நாள் செல்லுபடியாகும் திட்டத்தையும், மாதந்தோறும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டத்தையும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று ஆணையம் கட்டளையிட்டது. 2024 டிசம்பரில், இணையத் தரவு வேண்டாதவர்களுக்காக அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டத்தைக் கட்டாயமாக்கியது. சிறப்புத் திட்டங்களின் உச்ச காலத்தையும் 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்த்தியது. நான் சொன்ன மூதாட்டியைப் போன்றவர்களுக்கே இவை மிகவும் பயன்படும். ஆனால், எந்தக் கடையிலும் முதலில் எடுத்துக் காட்டப்படுவது இத்திட்டம் அன்று.

எண் கைமாறும் விதம்

2013-இல் வந்த விதியின்படி, தொடர்ந்து 90 நாள்களுக்கு எவ்விதப் பயன்பாடும் இல்லாவிட்டால்தான் ஒரு முன்கட்டண எண்ணைச் செயலிழக்கச் செய்யலாம். இருப்பில் 20 ரூபாய் இருந்தால், அத்தொகையைக் கழித்துக்கொண்டு எண்ணை மேலும் 30 நாள் காக்க வேண்டும். காலம் கடந்தாலும் மீட்டுக்கொள்ள 15 நாள் சலுகை உண்டு. உள்வரும் அழைப்பும் பயன்பாடாகவே கருதப்படும். ஆனால், செல்லுபடிக் காலம் முடிந்து உள்வரும் அழைப்பே தடைபட்ட பின் பயன்பாடு எங்கிருந்து வரும்? 90 நாள் கணக்கு அப்போதே ஓடத் தொடங்கிவிடுகிறது.

செயலிழந்த எண் குறைந்தது மேலும் 90 நாள் கழித்தே பிறருக்கு வழங்கப்படுகிறது. 2023 நவம்பரில் இது குறித்த வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தபோது, எண்ணை மறுபடி வழங்குவதைத் தடுக்க நீதிமன்றம் முன்வரவில்லை. பழைய எண்ணோடு இணைந்த தரவுகளை அகற்றிக்கொள்வது சந்தாதாரரின் பொறுப்பு என்று கருதியது. எண்கள் வரம்புக்குட்பட்ட வளம்; அவற்றைப் பூட்டி வைத்துக்கொண்டிருக்க முடியாது என்பதை ஏற்கிறேன். ஆயினும், தம் எண் செயலிழந்ததையே அறியாதவர், அறியாத ஒன்றிலிருந்து எப்படித் தம்மைக் காத்துக்கொள்வார்? நிறுவனத்தின் எச்சரிக்கை ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ வந்தது; அம்மூதாட்டிக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும்.

இதில் வங்கிக்குள்ள தொடர்பு மேலும் ஆழமானது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் பிழையோ வங்கியின் பிழையோ இன்றி, மூன்றாம் தரப்பின் மீறலால் கணக்கில் அனுமதியற்ற மின்னணுப் பரிவர்த்தனை நடந்தால், வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவிப்பவருக்கு இழப்பில் பங்கில்லை. தாமதம் கூடக்கூட அவர் ஏற்கவேண்டிய இழப்பும் கூடலாம். குறுஞ்செய்தி வேறொருவரின் கைக்குச் சென்றால், இந்தப் பாதுகாப்பின் அடித்தளமே ஆட்டம் காண்கிறது. ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் அதே எண்ணுக்குத்தான் போகிறது. கணக்கைப் பூட்டி வைத்தோம். சாவியோ அயலார் கையில்.

யார் என்ன செய்ய வேண்டும்?

என் துறையின் குறையை முதலில் ஒப்புக்கொள்கிறேன். கணக்குத் தொடங்கும் நாளில் கைபேசி எண்ணை எழுதி வாங்குகிறோம். அதன் பின்னர் மறந்துவிடுகிறோம். 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, திரும்பப் பெறப்பட்ட கைபேசி எண்களின் பட்டியலைக் கொண்டு வாடிக்கையாளர் விவரங்களைச் சீர்செய்யவும், அத்தகைய எண்களோடு இணைந்த கணக்குகளைக் கூர்ந்து கண்காணிக்கவும் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. நல்ல முன்னேற்றம். ஆயினும், பட்டியலைப் பார்த்து எண்ணை நீக்குவதோடு பணி முடிந்துவிட்டதாகக் கொண்டால், அயலாருக்குச் செய்தி போவது நிற்கும். உரியவருக்குப் போய்ச் சேராது. எண்ணை இழந்தவரைத் தேடிக் கண்டு, சரிபார்த்து, புதிய எண்ணைப் பதிவதே முழுமையான பணி. புத்தகம் பதிய வருபவரிடம் “இதே நம்பர்தானா?” என்று ஒரு வார்த்தை கேட்க எவ்வளவு நேரம் ஆகும்?

தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் நான் எதிர்பார்ப்பவை இரண்டு. எண்ணை உயிரோடு வைத்திருப்பதற்கு மட்டுமான, எளியவர்க்குக் கட்டுபடியாகும் ஓராண்டுத் திட்டத்தை வெளிப்படையாக விளம்பரம் செய்ய வேண்டும். எண்ணைத் துண்டிக்குமுன் தரும் எச்சரிக்கை, வாடிக்கையாளர் தேர்ந்த மொழியில், குரல் வழியாகவும் அமைய வேண்டும்.

வாடிக்கையாளர்களும் சில பழக்கங்களை மேற்கொள்ளலாம். வங்கியில் பதிந்த எண்ணின் செல்லுபடி நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். சிம் யார் பெயரில் உள்ளது என்று பாருங்கள். மகன் பெயரில் உள்ள சிம் தொலைந்தால் மாற்று சிம் வாங்க மகன்தான் வர வேண்டும். சேவை பிடிக்காவிட்டால் எண்ணைக் கைவிட வேண்டாம். எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரி முதல் நாடு முழுவதும் உள்ளது. எண்ணை மாற்றியே ஆக வேண்டுமெனில், பழையது உயிரோடு இருக்கும்போதே கிளைக்கு வந்து புதியதைப் பதியுங்கள். பல நாள்களாக வங்கிச் செய்தி வராவிட்டால் அலைவரிசையின் மேல் பழியைப் போட்டு இருந்துவிடாமல், வேறொரு கைபேசியிலிருந்து உங்கள் எண்ணை அழைத்துப் பாருங்கள். பணம் பறிபோனதாகத் தெரிந்தால் உடனே 1930 என்ற எண்ணையும் வங்கியையும் அழையுங்கள்.

நிறுவனத்தோடு பிணக்கு எனில், முறையீட்டு எண்ணைப் பெற்று, அதன் பின்னர் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியை அணுகலாம். நுகர்வோர் ஆணையமும் திறந்திருக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு தொலைபேசி வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் நுகர்வோர் மன்றத்தின் வழியை அடைத்தது. 2022 பிப்ரவரியில் வேறொரு வழக்கில் அவ்வழியை அந்நீதிமன்றமே திறந்துவிட்டது.

அந்த மூதாட்டியின் கணக்கில் அன்றே புதிய எண்ணைப் பதிந்தோம். இம்முறை சிம் அவருடைய பெயரிலேயே வாங்கப்பட்டிருந்தது. பதிவு முடிந்ததும் சோதனைக்காக ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன். கைபேசி ஒலித்தது. அவர் அதைத் திறந்து பார்க்கவில்லை. “வந்துட்டு சார்” என்று சொல்லி, மலைப் பேருந்துக்கு நேரமாகிறது என்று விடைபெற்றுக்கொண்டார்.