கவுதாரி கேட்டு வர்றவங்களுக்கு

சனி, ஞாயிறு வந்தா போதும். ஈசிஆர் ரோட்டுல காரை நிறுத்தி, "காட்டுக் கவுதாரி கிடைக்குமா?"ன்னு கேக்கறாங்க. இந்தப் பதிவு அவங்களுக்குத்தான்.

"காலங்காலமா தின்னதுதானே" என்பார்கள். அப்போ கண்ணி வெச்சவன் தன் வீட்டுக் குழம்புக்கு ரெண்டு பிடிச்சான். இப்போ உங்க பணத்துக்காக, பழக்கின கவுதாரியைக் கூண்டுல கத்தவிட்டு, தேடி வர்றதை எல்லாம் வலையில அள்ளறாங்க. இது எந்தக் காலத்துப் பழக்கம்?

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கவுதாரியைப் பிடிக்கிறது மட்டுமில்ல, விலைக்கு வாங்குறதும் குற்றம். 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 1 லட்சம் வரைக்கும் அபராதம். ஆனா மாட்டுறது யாரு? கண்ணி வெச்ச ஏழை. தின்னவர் ஏப்பம் விட்டுட்டு ஊர் போய்ச் சேர்ந்துடறார்.

எனக்கு இதுல என்ன நஷ்டம்னு கேளுங்க. மல்லாட்டைக் கொல்லையில கரையானையும் வண்டையும் பொறுக்கித் தின்ற கூலியில்லாத ஆள் அது. தரையில, புதர் ஓரமாத்தான் முட்டை வைக்கும். தாயைப் பிடிச்சா குஞ்சும் போச்சு.

நம்ம கழுவெளி 2021ல பறவைகள் சரணாலயம் ஆச்சு. 2024ல ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. நல்லதுதான். ஆனா கவுதாரி இருக்கிறது ஏரியில இல்ல, நம்ம வரப்புல. அதுக்குக் காவல் நாமதான். புதரைக் கொளுத்தாதீங்க, வலைக்காரனைக் கொல்லையில விடாதீங்க.

கார்க்காரங்களே, ருசிதான் வேணும்னா பண்ணைக் காடை கடையில கிடைக்குது. மிளகு தூக்கலா போட்டு வறுத்துத் தின்னுங்க. கவுதாரி கேட்டு இந்தப் பக்கம் வராதீங்க.