குளத்துக்கு 50 கிலோ

ரேடியோவில் ஓடும் போர்க்கப்பல் மாதிரி கட்டுபவர்கள் பீரங்கிக்கும் கொடிமரத்துக்கும் காட்டும் பொறுமையை எடைக்கும் காட்ட வேண்டும். 251 மீட்டர் நீளமிருந்த ஜெர்மனியின் பிஸ்மார்க்கை நூறில் ஒரு பங்காகக் கட்டினால் இரண்டரை மீட்டர். எடையோ பத்து லட்சத்தில் ஒரு பங்காகும். முழுச் சுமையோடு சுமார் 50,000 டன் இருந்த கப்பல் குளத்தில் 50 கிலோ. அது குறைந்தால் தக்கைபோல் மிதந்து சிற்றலைக்கே தள்ளாடும். பேட்டரியும் ஈயக்கட்டிகளும் அடியில் இருக்கட்டும், மேற்கட்டுமானம் இலேசாக இருக்கட்டும். வேகத்துக்கும் கணக்கு உண்டு. 1870களில் இங்கிலாந்தின் டார்க்கியில் தொட்டி கட்டி மாதிரிகளை இழுத்துச் சோதித்த வில்லியம் ஃப்ரூடின் விதிப்படி, 30 நாட் வேகத்துக்கு இங்கே 3 நாட் போதும். மேல்தளத்தை ஒட்டி மூடுமுன் ஒருமுறை தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டுப் பாருங்கள்.